ஹாலோவீன் அன்னைக்கு வாசலுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு என்ன கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா வந்து அபார்ட்மெண்ட்ல இருக்கற வரைக்கும் ஹாலோவீன் பெருசா தெரியாது. வீடு வாங்கி சப்டிவிஷனுக்குள்ள குடி வந்த முதல் அக்டோபர்லதான் தெரியும், 31ஆம் தேதி இருட்டுற நேரத்துக்கு காலிங் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கும், கதவைத் திறந்தா சின்னதும் பெருசுமா வேஷம் போட்டுக்கிட்டு பையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. என்ன வாங்கி வைக்கறது, எவ்வளவு வாங்கறது, எதைக் கொடுக்கக் கூடாதுன்னு புதுசா வீடு வாங்குன நம்மாளுங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதுக்கு நான் சொல்ற பதில் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். நம்ம வாசப்படி ஏறி வர்ற எந்தப் பிள்ளையும், அதுக்கு என்ன அலர்ஜி இருந்தாலும் வீட்டுல என்ன சாப்பாட்டுப் பழக்கம் இருந்தாலும், நம்மகிட்ட வாங்குனது ஒண்ணையாவது அனுபவிக்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: கண்டிப்பா கொடுத்தே ஆகணுமா?

இல்லவே இல்ல. போர்ச் லைட் எரிஞ்சா வரலாம்னு அர்த்தம், அணைஞ்சிருந்தா இந்த வீட்டுல இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு பிள்ளைங்க அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா புதுசா குடி வந்தவங்களா இருந்தா ஒரு வருஷமாவது லைட்டைப் போட்டு உக்காந்து பாருங்க, ஆறு மாசமா கையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்த எதிர்வீட்டுக்காரங்க அன்னைக்குத்தான் பக்கத்துல வந்து பேரு சொல்லி பேசுவாங்க.

கேள்வி: எத்தனை மணிக்கு வருவாங்க?

பொதுவா அஞ்சரை ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டரை வரைக்கும். முதல்ல ஸ்ட்ரோலர்ல வர்ற குட்டிங்க, அப்பறம் எலிமெண்டரி பிள்ளைங்க, கடைசியா கூட்டமா வர்ற மிடில் ஸ்கூல் பசங்க. ஒஹையோ, விஸ்கான்சின், பென்சில்வேனியா பக்கம் நிறைய ஊர்ல இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைன்னு ஊர் நிர்வாகமே நேரம் குறிச்சுடும், சில ஊர்ல நாளையே மாத்தி வைப்பாங்க, அதனால உங்க ஊர் வெப்சைட்டை ஒரு தடவை பாத்துக்கங்க. 2007ல இருந்து டேலைட் சேவிங், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கற ஏற்பாடு, நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் நீட்டிக்கப்பட்டதால ஹாலோவீன் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலா வெளிச்சம் கிடைக்குது, குட்டிங்களோட வர்றவங்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: எவ்வளவு வாங்கணும்?

இதுக்கு நான் ஒரு நம்பர் சொல்லி நீங்க அதை நம்பி வாங்கக் கூடாது, தெருவுக்குத் தெரு அவ்வளவு வித்தியாசம். நடைபாதை இருக்கற, வீடுங்க நெருக்கமா இருக்கற தெருன்னா கார்ல பிள்ளைங்களைக் கொண்டு வந்து இறக்கி விடுவாங்க, ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் நிலத்துல தள்ளித் தள்ளி வீடு இருந்தா நாலு பேர் வந்தாலே அதிகம். பக்கத்து வீட்டுல கேளுங்க, இதுதான் ஒரே நம்பகமான வழி. போன வருஷம் எத்தனை பை வாங்குனீங்க, மிச்சம் ஆச்சா, எத்தனை மணிக்குத் தீந்துச்சுன்னு இந்த மூணு கேள்வி போதும். முதல் வருஷம் ஆளுக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சு, கிண்ணம் பாதி ஆனதும் ஒண்ணாக் குறைச்சுக்கங்க. ஒரு பையைப் பிரிக்காம வச்சிருந்து, பில்லும் இருந்துச்சுன்னா சில கடைகள்ல திருப்பி எடுத்துக்குவாங்க, வாங்கும்போதே கேட்டுக்கங்க.

கேள்வி: ஃபுல் சைஸ் சாக்லேட் கொடுத்தாத்தான் மரியாதையா?

அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல. ஃபுல் சைஸ் கொடுக்கற வீட்டைப் பத்தி பசங்க தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டே ஓடுவாங்கங்கறது உண்மைதான், காஸ்ட்கோல முப்பது பார் இருக்கற பெட்டி கிடைக்கும், பத்துப் பதினஞ்சு பேர் மட்டும் வர்ற தெருன்னா தாராளமா அதை வாங்கலாம். கூட்டம் வர்ற தெருன்னா ஃபன் சைஸ்ங்கற குட்டி பார்தான் கட்டும். சாக்லேட் விலையும் ஏறிப் போச்சு, ஐவரி கோஸ்ட்லயும் கானாலயும் கோகோ விளைச்சல் கெட்டுப் போனதுல 2024 டிசம்பர்ல கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டுச்சு, அப்பறம் கோகோ விலை இறங்குனாலும் கடையில பை விலை அந்த அளவுக்கு இறங்கல. முழுக்க சாக்லேட்டா இல்லாம பாதிக்குப் பாதி சாக்லேட் இல்லாத கேண்டி கலந்து வாங்குனா செலவும் குறையும், சாக்லேட் சாப்பிட முடியாத பிள்ளைங்களுக்கும் ஆச்சு. இன்னொண்ணு, டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடால இருக்கறவங்களுக்கு அக்டோபர் கடைசியிலயும் வெயில் அடிக்கும், சாக்லேட் நம்ம உடம்புச் சூட்டுலயே உருகற பொருள், கிண்ணத்தை மதியமே திண்ணையில எடுத்து வச்சுடாதீங்க.

கேள்வி: நட்ஸ் அலர்ஜி, நட்ஸ் அலர்ஜின்னு எல்லாரும் சொல்றாங்களே, வாங்கும்போது என்ன பாக்கணும்?

இதைத்தான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். அமெரிக்காவுல 13 பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு ஏதாவது ஒரு உணவு அலர்ஜி இருக்குன்னு சொல்றாங்க, அதாவது ஒரு கிளாஸ்ரூமுக்கு ரெண்டு பேர். அப்ப உங்க வாசலுக்கு வர்ற கூட்டத்துல ஒண்ணு ரெண்டு பேர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அவங்க பையைத் தூக்கிட்டு தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போய்க் கொட்டிப் பாத்தா முக்கால்வாசியை அம்மா எடுத்துத் தனியா வச்சுடுவாங்க.

அமெரிக்கச் சட்டப்படி லேபிள்ல கண்டிப்பா சொல்ல வேண்டிய அலர்ஜி பொருள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, பாதாம் முந்திரி மாதிரி மரக்கொட்டைங்க, வேர்க்கடலை, கோதுமை, சோயா, அப்பறம் எள்ளு. எள்ளு 2023 ஜனவரியிலதான் சேந்துச்சு. ஆனா "இருக்க வாய்ப்பு உண்டு", "அதே மெஷின்ல செஞ்சது"ன்னு போடறதெல்லாம் கம்பெனி இஷ்டம்தான், சட்டம் கட்டாயப்படுத்தல, அதனால அந்த வரி இல்லன்னா பயமில்லன்னு அர்த்தம் இல்ல.

ஸ்னிக்கர்ஸ், ரீசஸ், பட்டர்ஃபிங்கர், பேபி ரூத், பேடே எல்லாத்துலயும் வேர்க்கடலை இருக்கு. ஆல்மண்ட் ஜாய்ல பாதாம். சாதா எம் அண்ட் எம்ஸ்ல கடலை இல்லன்னு நினைச்சு வாங்குவோம், அதோட லேபிள்லயே கடலை இருக்க வாய்ப்பு உண்டுன்னு போட்டிருக்கும். கிட் கேட், ட்விக்ஸ் ரெண்டுலயும் கோதுமை, பால். ட்விஸ்லர்ஸ் பாக்க வெறும் சக்கரை மாதிரி இருக்கும், அதுலயும் கோதுமை மாவு இருக்கு.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், ஒரே பேர்ல வர்ற சாக்லேட்டோட பெரிய சைஸும் ஃபன் சைஸும் வேற வேற லைன்ல செய்யறதா இருக்கலாம், சேர்மானமும் மாறலாம். பெரிய பார்ல கடலை இல்லைங்கறதுக்காக குட்டி பார்லயும் இல்லன்னு சொல்லிட முடியாது. அதோட அந்தக் குட்டிக் கவர்ல லேபிள் முழுசா இருக்காது, எல்லாம் வெளிப் பையிலதான் அச்சடிச்சிருக்கும். அதனால பையைக் கிழிச்சுக் கொட்டுனதும் குப்பையில போட்டுடாதீங்க, லேபிள் இருக்கற பக்கத்தைக் கத்திரிக்கோலால வெட்டி கிண்ணத்துக்கு அடியில வச்சுக்கங்க. எங்க வாசல்லயே பாத்திருக்கேன், ஸ்பைடர்மேன் வேஷம் போட்ட பையன் கையை நீட்டாம கடலை இருக்கான்னு கேப்பான், பின்னாடி நடைபாதையில நிக்கற அம்மா ஓடி வந்து போன் டார்ச்சை அடிச்சு அந்த வெட்டி வச்ச லேபிளை வரி வரியா படிச்சுட்டு, "இது எடுத்துக்கலாம்டா"ங்கற மாதிரி தலையாட்டுவாங்க, அப்பறம்தான் அவன் முகமூடியைத் தூக்கி சிரிப்பான்.

கேள்வி: சில வீட்டு வாசல்ல நீலப் பச்சைக் கலர்ல பூசணிக்காய் வச்சிருக்காங்களே, அது எதுக்கு?

அதுக்கு டீல் பம்ப்கின்னு பேரு. இந்த வீட்டுல சாப்பிடற பொருள் இல்லாம வேற பரிசும் இருக்கு, அலர்ஜி இருந்தாலும் தயங்காம வாங்கன்னு சொல்ற அடையாளம். டென்னஸியில அலர்ஜி இருக்கற குடும்பங்களோட குழு ஒண்ணு ஆரம்பிச்சது, 2014ல ஃபேர்ங்கற உணவு அலர்ஜி அமைப்பு நாடு முழுக்கக் கொண்டு போச்சு. பூசணிக்காய் ஒண்ணு வாங்கி அந்தக் கலர் பெயிண்ட் அடிச்சு வச்சாப் போதும், பெயிண்ட் அடிக்க நேரமில்லன்னா பேப்பர்ல வரைஞ்சு கதவுல ஒட்டுங்க. கேண்டி கொடுக்கக் கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ரெண்டு கிண்ணம் வைங்க, ஒண்ணுல கேண்டி, இன்னொண்ணுல பொருள். ஒரே கிண்ணத்துல கலந்து மட்டும் வைக்காதீங்க, கடலை சாக்லேட் கவர் பிஞ்சிருந்தா மத்ததுல ஒட்டிக்கும்.

கேள்வி: அந்த ரெண்டாவது கிண்ணத்துல என்ன போடலாம்?

கையில மாட்டற க்ளோ வளையம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வாங்குன உடனே மாட்டிக்கிட்டு இருட்டுல நடப்பாங்க, கார்ல வர்றவங்களுக்கும் பிள்ளைங்க நடமாட்டம் தெரியும். கடிச்சு உடைக்கற வயசுப் பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாம், உள்ள இருக்கற திரவம் வாய், கண்ணுல பட்டா எரியும். ஸ்டிக்கர், பென்சில், சோப்புக் குமிழி டப்பா, பிளாஸ்டிக் சிலந்தி மோதிரம், சின்ன நோட்டு, குட்டி ஸ்லிங்கி ஸ்பிரிங் பொம்மை எல்லாம் டாலர் கடையில மொத்தமாக் கிடைக்கும். குட்டி ப்ளே-டோ டப்பாவும் நல்லா இருக்கும், ஆனா அதுல கோதுமை இருக்கு, கோதுமை ஒத்துக்காத பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீங்க, நிறைய பேர் கவனிக்காத இடம் இது. பலூன் தவிர்த்துடுங்க, சின்னப் பிள்ளைங்க தொண்டையில அடைக்கும், லேடெக்ஸ் அலர்ஜியும் இருக்கு. பட்டன் பேட்டரி போட்ட மினுக்கு மினுக்கு மோதிரம், குட்டி டார்ச் வேண்டவே வேண்டாம், அந்த பேட்டரியை முழுங்கிட்டா உணவுக்குழாயை ரெண்டு மணி நேரத்துலயே புண்ணாக்கிடும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். எது வாங்கலாம்?

நம்ம வீடுகள்ல அதிகமா கேக்கற கேள்வி இதுதான், முஸ்லிம் குடும்பங்களுக்கும் யூதக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி இருக்கு. ஜவ்வு மாதிரி இழுபடற கம்மி கேண்டி பெரும்பாலும் ஜெலட்டின்ல செய்யறது, ஜெலட்டின்னா பன்னி, மாட்டோட தோல் எலும்புல இருந்து எடுக்கறது. கம்மி பேர்ஸ், மார்ஷ்மெல்லோ, அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட், ஹாலோவீனுக்குன்னே வர்ற கேண்டி கார்ன், பள்ளிக்கூட டப்பாவுல போற வெல்ச்ஸ் ஃப்ரூட் ஸ்நாக்ஸ் எல்லாத்துலயும் ஜெலட்டின் இருக்கு. ஸ்கிட்டில்ஸ், சவர் பேட்ச் கிட்ஸ், ஸ்வீடிஷ் ஃபிஷ், டம் டம்ஸ் லாலிபாப், ஸ்மார்ட்டீஸ் இதுல எல்லாம் ஜெலட்டின் இல்ல. முட்டையும் சாப்பிடாதவங்க இன்னொண்ணு கவனிக்கணும், ஸ்னிக்கர்ஸ், மில்க்கி வே, த்ரீ மஸ்கிடியர்ஸ் உள்ள இருக்கற நூகட்ங்கற மெத்துன்னு இருக்கற இனிப்புல முட்டை வெள்ளைக்கரு சேத்திருக்காங்க.

டம் டம்ஸும் ஸ்மார்ட்டீஸும் அந்த ஒன்பது அலர்ஜி பொருளும் இல்லாதது, விலையும் கம்மி. ஒரே ஒரு பைதான் வாங்க முடியும்னு சொன்னா நான் இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்வேன். கனடால இருக்கறவங்க உஷாரா இருங்க, அங்க ஸ்மார்ட்டீஸ்னு விக்கறது நெஸ்லேயோட சாக்லேட், பால் இருக்கு, நான் சொல்ற அந்த அமெரிக்க மாத்திரை மாதிரிக் கேண்டியை அங்க ராக்கெட்ஸ்ங்கற பேர்ல விக்கறாங்க. எதுவானாலும் சேர்மானத்தை மாத்துவாங்க, வருஷா வருஷம் லேபிளைப் படிங்க.

கேள்வி: தீபாவளியும் பக்கத்துலயே வருது, அதிரசம், முறுக்கு, லட்டு பாக்கெட் போட்டுக் கொடுக்கலாமா?

ஆசை எனக்குப் புரியுது, 2024ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்ல வந்தப்ப வாசல்ல கோலம், அகல் விளக்கு, பூசணிக்காய் மூணும் சேந்து இருந்த வீடுங்களைப் பாக்கவே அவ்வளவு அழகா இருந்துச்சு. ஆனா தெரியாத பிள்ளைங்களுக்கு வீட்டுல செஞ்சதைக் கொடுக்காதீங்க. கம்பெனி கவர் பிரியாம இருக்கறதை மட்டும்தான் சாப்பிட விடணும்னு இங்க பெத்தவங்களுக்கு எஃப்.டி.ஏ.ங்கற அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லிக்கிட்டே இருக்கு, நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச லட்டு அவங்க வீட்டுல நேரா குப்பைக்குத்தான் போகும், அதைவிட முக்கியம், லட்டுல முந்திரியும் நெய்யும் இருக்கு, முறுக்குல எள்ளு இருக்கு, கவர்ல ஒண்ணும் எழுதியிருக்காது. பலகாரத்தை உங்களைத் தெரிஞ்ச பக்கத்து வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு தட்டுல வச்சு, என்னென்ன போட்டிருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி நேர்ல கொடுங்க, அவ்வளவு சந்தோஷப்படுவாங்க. வாசலுக்கு வர்ற பிள்ளைக்கு அகல் விளக்குப் படம் போட்ட ஸ்டிக்கர் கொடுக்கலாமே, அது ரெண்டு பண்டிகைக்கும் ஆச்சு.

கேள்வி: சக்கரையே வேண்டாம், ஆரோக்கியமா ஏதாவது?

ஆப்பிள், வாழைப்பழம்னு பழம் கொடுத்தா மேல சொன்ன அதே காரணத்துக்கு வீட்டுல தூக்கிப் போட்டுடுவாங்க. கவர் போட்ட ப்ரெட்ஸல், கோல்ட்ஃபிஷ் பிஸ்கட், பாப்கார்ன் குட்டிப் பாக்கெட் பரவாயில்ல, முதல் ரெண்டுலயும் கோதுமை இருக்கறது ஞாபகம் இருக்கட்டும். பல்லுக்கு எது கெடுதல் கம்மின்னு கேட்டா சாக்லேட்டுதான், எச்சில்ல சீக்கிரம் கரைஞ்சு போயிடும், கேரமல், டாஃபி மாதிரி ஒட்டறதும் ரொம்ப நேரம் வாயில ஊர்ற கெட்டி மிட்டாயும்தான் பல்லைக் கெடுக்கும். டூத் பிரஷ் கொடுக்கறதா இருந்தா கேண்டியோட சேத்துக் கொடுங்க, அதை மட்டும் கொடுத்தா குட்டிங்க முகம் வாடிடும்.

கேள்வி: டைப் 1 சக்கரை இருக்கற பிள்ளை வந்தா?

மத்த பிள்ளைங்களுக்குக் கொடுக்கற மாதிரியே கொடுங்க. அவங்க கார்போஹைட்ரேட் கணக்குப் பாத்து இன்சுலின் போட்டுக்கிட்டு சாப்பிடுவாங்க, திடீர்னு சக்கரை இறங்குனா ஏத்தறதுக்கு ஸ்மார்ட்டீஸ், ஸ்கிட்டில்ஸைத்தான் நிறைய வீட்டுல எடுத்து வச்சுக்குவாங்க. அவங்களுக்குன்னு சுகர் ஃப்ரீ கேண்டி தேடி வாங்க வேண்டாம், அதுல சக்கரைக்குப் பதிலா இருக்கற சுகர் ஆல்கஹால்ங்கற இனிப்புப் பொருள் கொஞ்சம் அதிகமானாலே வயித்தைக் கலக்கிடும்.

கேள்வி: ரெண்டு மூணு வயசுக் குட்டிங்களுக்கு?

நாலு வயசுக்குள்ள கெட்டி மிட்டாய், லாலிபாப், சூயிங் கம், பாப்கார்ன், கொட்டை, ஜவ்வு மிட்டாய் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாய்ல போய் அடைக்கும். குட்டிங்களுக்கு ஸ்டிக்கர், நோட்டு மாதிரி வாய்க்குள்ள போகாத பொருளைக் கொடுத்துடுங்க. மோதிரம், குட்டி பொம்மை எல்லாம் பெரிய பிள்ளைங்களுக்கு.

கேள்வி: மிட்டாய்ல விஷம், ப்ளேடு வைக்கறாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே?

வருஷா வருஷம் வரும். டெலவேர் பல்கலைக்கழக சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958ல இருந்து வந்த பத்திரிகைச் செய்திகளை எல்லாம் தேடி ஆராய்ஞ்சிருக்கார், முன்னப்பின்ன தெரியாத ஆளு ஹாலோவீன் மிட்டாய்ல விஷம் வச்சு ஒரு பிள்ளை செத்ததா உறுதியான சம்பவம் ஒண்ணுகூட அவருக்குக் கிடைக்கல. 1974ல டெக்சாஸ்ல ஒரு சின்னப் பையன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி சாப்பிட்டு செத்தான், ஆனா அதைக் கொடுத்தது அவனோட சொந்த அப்பா, இன்சூரன்ஸ் பணத்துக்காக, அந்த ஆளுக்கு 1984ல மரண தண்டனை நிறைவேத்துனாங்க. 1982ல சிகாகோ பக்கம் டைலனால்ங்கற வலி மாத்திரையில சயனைடு கலந்து ஏழு பேர் செத்த அப்பறம் இந்தப் பயம் இன்னும் பரவிடுச்சு, அதுக்கு முன்னாடி பாப்கார்ன் உருண்டை, குக்கீன்னு வீட்டுல செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த பழக்கம் மறைஞ்சு போனதுல இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. கவர் பிஞ்சதைத் தூக்கிப் போடுங்க, மத்தபடி பிள்ளைங்களைப் பயமுறுத்தாதீங்க. அன்னைக்கு ராத்திரி நிஜமான ஆபத்து காருங்கதான், வண்டி எடுக்கறவங்க மெதுவாப் போங்க.

கேள்வி: மீசை முளைச்ச பசங்க எல்லாம் வர்றாங்க, கொடுக்கணுமா?

கொடுங்க. வர்ஜீனியாவுல செசபீக்னு ஒரு ஊர்ல 12 வயசுக்கு மேல போனா ஜெயில்னுகூட சட்டம் இருந்துச்சு, 2019ல வயசை 14 ஆக்கி ஜெயிலையும் எடுத்துட்டாங்க. பதினஞ்சு வயசுப் பையன் அந்த ராத்திரி தெருவுல மிட்டாய் வாங்கிக்கிட்டு நடக்கறது நல்ல விஷயம். வளந்த பிள்ளையா இருந்தும் பேசாம நின்னா, நன்றி சொல்லலன்னா, வேஷம் போடலன்னா அதட்டாதீங்க, ஆட்டிசம் இருக்கற பிள்ளையா இருக்கலாம், வேஷத் துணி உடம்புல உறுத்தும், வாய் திறந்து பேச வராது. சில பேர் நீல வாளி தூக்கிட்டு வர்றது அதுக்குத்தான். வாளி இல்லாமலும் வருவாங்க. கிண்ணத்தைக் கிட்ட நீட்டி, பிள்ளை யோசிச்சு எடுக்கற வரைக்கும் பொறுமையா நில்லுங்க.

கேள்வி: நாங்க வீட்டுல இல்ல, கிண்ணத்தை வெளிய வச்சுட்டுப் போகலாமா?

போகலாம், முதல்ல வர்ற கூட்டமே காலி பண்ணிடறதுக்கும் வாய்ப்பு இருக்கு. உங்க பிள்ளைங்களை நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னா வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா அவங்களை உக்கார வைங்க. ஊர்ல இருந்து வந்திருக்கற பெரியவங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சுப் போகும், ஒவ்வொரு வேஷமா பாத்து ரசிப்பாங்க, இங்கிலீஷ் பேச வேண்டிய அவசியமும் இல்ல. எந்தக் கிண்ணத்துல கடலை இருக்குன்னு மட்டும் அவங்களுக்கு முன்னாடியே காமிச்சுடுங்க, கேக்கற பிள்ளைக்கு விரலால காட்டுனாப் போதும்.

கேள்வி: மிச்சம் ஆச்சுன்னா?

பிரிக்காத கேண்டியை சில பல் டாக்டருங்க வாங்கிக்கிட்டு பிள்ளைங்களுக்குக் காசோ சின்னப் பரிசோ கொடுப்பாங்க, ராணுவத்துல இருக்கறவங்களுக்கு அனுப்பறதுக்கு ஆபரேஷன் க்ராட்டிட்யூட் மாதிரி அமைப்புங்க சேகரிக்கறாங்க. ஆபீஸ் பேன்ட்ரியில வச்சா மதியத்துக்குள்ள தீந்துடும்.

நாய் இருக்கற வீடுன்னா பையை உயரத்துல வைங்க. சாக்லேட் நாய்க்கு விஷம், அதுலயும் டார்க் சாக்லேட் ரொம்ப மோசம், திராட்சை ரெய்சினும் ஆகாது, சுகர் ஃப்ரீ கம்ல இருக்கற சைலிட்டால்ங்கற இனிப்பு கொஞ்சம் போனாலே நாயோட ரத்தச் சக்கரையை இறக்கி உயிருக்கே ஆபத்தாக்கும். சாப்ட்டிருச்சுன்னு தெரிஞ்சா வாந்தி வருதான்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, எவ்வளவு சாப்ட்டிருக்கும்னு கவரை எண்ணிப் பாத்துட்டு உடனே நாய் டாக்டருக்கு போன் பண்ணுங்க.